பேய்களின் பசி, நாயகனின் கை

பரணி பாடுவதற்குப் பாட்டியல் நூல்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவன்மீதுதான் அதைப் பாட வேண்டும். ஒரு மனிதன் ஆயிரம் யானைகளை வீழ்த்த முடியாது என்பது இலக்கணம் எழுதியவருக்கும் தெரியும், பாடிய புலவருக்கும் தெரியும், கேட்ட அரசனுக்கும் தெரியும். கல்வெட்டில் பெயர் உள்ள அரசனாகவே இருந்தாலும் பரணிக்குள் நுழையும்போது அவன் பாதிக் கற்பனையாகிவிடுகிறான். அந்தக் கற்பனை அவனுக்கு என்ன செய்து தருகிறது? அவனைச் சுற்றியிருக்கும் பெண்களை என்ன செய்கிறது? கங்கைகொண்ட சோழபுரத்தை வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் சற்றுத் தொலைவான ஓர் இசைக்குப் போய்வர வேண்டும்.

இங்கிலாந்தின் லிவர்பூலில் 'கோனன்' என்றொரு இசைக்குழு இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹோவர்ட் 1932-இல் ஒரு மலிவுப் பத்திரிகையில் உலவவிட்ட கற்பனை வீரன் கோனனின் பெயரைத்தான் அவர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய இசை 'டூம்', 'ஸ்லட்ஜ்' என்ற மெட்டல் வகைகளைச் சேர்ந்தது. ஸ்லட்ஜ் என்றால் சேறு, கசடு. கிட்டார் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை அடிமட்டத்துக்கு இறக்குவார்கள். தாளம் யானை நடைபோல மெதுவாக வரும். ஒலிபெருக்கி முன்னால் நின்றால் ஓசை காதுக்கு வருவதற்கு முன் நெஞ்செலும்புக்கு வந்துவிடும். பாடல்களில் கோடரி, போர், எந்த வரைபடத்திலும் இல்லாத நிலங்கள்.

இந்த இசையைக் கேட்கும் மாணவிகள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் நாயக வழிபாட்டைப் பற்றிப் பேசினால் வரும் பதில் நியாயமானதுதான்: "அது கற்பனைதானே? கோனன் வெட்டிய ஒருவர்கூட உண்மையில் பிறந்ததில்லை. அவன் எரித்த ஊர் எங்கேயும் இல்லை. யாருக்கு என்ன நஷ்டம்?" இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கலை ஒவ்வொன்றும் ஒழுக்கப் பாடம் நடத்த வேண்டும் என்று கேட்பவர்கள் கடைசியில் பெண்களின் வாயைத்தான் முதலில் அடைப்பார்கள் என்பது நமக்கு அனுபவத்தில் தெரியும். தடை கேட்பது என் நோக்கமில்லை. கற்பனை நாயகன் குற்றமற்றவன்தானா என்பதை மட்டும் பார்க்கலாம்.

*

முதலில் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது?

கன இசையின் ஊற்று என்று எல்லோரும் காட்டுவது 1970-இல் முதல் தொகுப்பை வெளியிட்ட 'பிளாக் சப்பாத்' குழுவை. பர்மிங்காம் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அதன் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பதினேழு வயதில் தகரப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தபோது இயந்திரத்தில் இரண்டு விரல்களின் நுனியை இழந்தார். நுனியற்ற விரல்களுக்குப் பொய்நுனி செய்து மாட்டிக்கொண்டார். அழுத்த முடியாத தந்திகளைத் தளர்த்தினார். தளர்ந்த தந்தி தாழ்ந்த ஒலி தந்தது. அரை நூற்றாண்டாக உலகமெங்கும் 'கனம்' என்று பெயர் பெற்ற ஓசையில் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட கைக்கும் பங்கு இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் வாஷிங்டன் மாநிலத்து 'மெல்வின்ஸ்', நியூ ஆர்லியன்ஸின் 'ஐஹேட்காட்' போன்ற குழுக்கள் அதை இன்னும் மெதுவாக்கிச் சேறாக்கியபோதும் பாடுபொருள் வறுமை, போதை, அவமானம். அங்கே வெற்றி பெற்றவர் ஒருவரும் இல்லை.

காயம்பட்டவரின் ஓசையாகப் பிறந்ததன் உச்சியில் பிறகுதான் கோடரி ஏந்திய ஒருவன் ஏறி நிற்கிறான். காயத்தின் கனம் அவனுடைய புஜபலத்தின் கனமாக மாறிவிடுகிறது. கேட்பவர் உடம்பில் இறங்குவது அதே அதிர்வுதான். அது யாருடையது என்பது மட்டும் மாறிவிட்டது. இந்தக் கைமாற்றம் தமிழுக்குப் புதிதில்லை.

*

கலிங்கத்துப்பரணியைப் பள்ளிப் பாடப் பகுதியாக மட்டும் படித்தவர்கள் அது எவ்வளவு கனமான நூல் என்று அறிந்திருக்க மாட்டார்கள். முதல் குலோத்துங்கன் (1070–1122) கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். அவனுடைய படை சுமார் 1110-இல் கலிங்கத்தை அழித்ததைச் செயங்கொண்டார் பாடினார். சந்தம் குதிரைக் குளம்படியாக ஓடும், சட்டென்று நின்று இழுக்கும். பாலை நிலம், காளி கோயில், பசித்த பேய்கள், பிணக்குவியல், குருதி ஆறு. எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின் மெட்டல் குழுக்கள் தொகுப்பு அட்டையில் வரையும் சித்திரங்களை அவர் சொல்லால் வரைந்துவிட்டார்.

நூலின் உச்சம் போர் அன்று, போருக்குப் பிந்தைய சமையல். காளியின் பேய்கள் களத்தில் கூழ் அடுகின்றன. முறிந்த யானைத் தந்தத்தால் பல் துலக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. பிணங்களின் பற்களே அரிசி. போர்முரசு உரலாகிறது, தந்தம் உலக்கையாகிறது, கேடயம் சுளகாகிறது. குற்றிக்கொண்டே வள்ளைப்பாட்டுப் பாடுகின்றன. வள்ளை உலக்கை பிடித்த பெண்களின் பாட்டு. கை சலிக்காமல் இருக்கவும் மனம் ஆறவும் அவர்கள் பாடிக்கொண்டது. இங்கே அந்தப் பாட்டிலும் அரசன் புகழ் ஏறிவிடுகிறது. நாயகன் போர்க்களத்தோடு நிற்பதில்லை, உரலடிக்கும் வந்துவிடுகிறான்.

மனிதப் பெண்கள் இந்த நூலில் எங்கே இருக்கிறார்கள்? தொடக்கத்தில் கதவுக்குப் பின்னால். 'கடை திறப்பு' பகுதியில் ஊடிக் கதவடைத்த பெண்களைப் பார்த்து, கதவைத் திறந்து வெற்றிக் கதையைக் கேளுங்கள் என்று அழைப்பு வருகிறது. காதல் பாடல் என்று இரசிக்கப்படும் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று படித்தால் அழைக்கப்படுகிறவர்களில் சிலர் யாரென்று தெரியும். அரசனுக்குத் திறையாகக் கொடுக்கப்பட்ட மலைநாட்டுப் பெண்கள், துளுநாட்டுப் பெண்கள். பாண்டியர் காட்டுக்கு ஓடிவிட, வேளத்துக்குள் கொண்டுவரப்பட்ட பெண்கள். வேளம் என்பது சோழ அரண்மனையைச் சேர்ந்த பணிப்பெண்களின் அமைப்பு. போரில் பிடிபட்ட பெண்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். தன்னைச் சிறைகொண்ட அரசனின் அடுத்த வெற்றியைக் கேட்பதற்காகச் சிறைப்பட்டவள் கதவு திறக்க வேண்டும்! கதவு உள்ளே தாழிடப்பட்டதாகக் கவிதை சொல்கிறது. வெளியே யார் தாழிட்டது என்று அது கேட்பதில்லை.

வேளத்துப் பெண்கள் எல்லோரையும் ஒரே துயரச் சித்திரத்தில் அடைப்பதும் தவறு. கோயிலுக்கு விளக்கெரிக்கத் தானம் கொடுத்த வேளத்துப் பெண்கள் கல்வெட்டுகளில் இருக்கிறார்கள். கிடைத்த இடத்தில் கொஞ்சம் பொருளும் பெயரும் சேர்த்துக்கொண்டவர்கள். அவர்களை நாம் அறிவது அந்தத் தானத்தின் வழியாக. பரணியில் அவர்களுக்கு அதுவும் இல்லை.

*

இனி நான் முக்கியமாகக் கருதும் இடம். கலிங்கப் போர் ஏன் நடந்தது?

பரணி இரண்டு காரணம் தருகிறது. ஒன்று, கலிங்க மன்னன் இருமுறை திறை செலுத்தவில்லை. காஞ்சியில் இருந்த குலோத்துங்கன் சினந்தான், கருணாகரத் தொண்டைமான் படை நடத்திப் போனான். இது அரசியல் காரணம், நூலில் சில பாடல்களுக்குள் முடிந்துவிடுகிறது. இன்னொரு காரணத்துக்குத்தான் நூல் இடத்தை வாரி வழங்குகிறது: பேய்களின் பசி. எலும்பும் தோலுமான பேய்கள் காளியிடம் முறையிடுகின்றன, எங்களுக்கு ஒரு களம் வேண்டும் என்று. அவற்றின் பசி தீரப் போர் வருகிறது.

வரி வசூலுக்காக நடந்த படுகொலை ஒரு பெண் தெய்வத்தின் பரிவாரத்துப் பசியாக மாறும் விந்தை இது. பழி பேய்களுக்கு, புகழ் அரசனுக்கு. திருமாலின் அவதாரமென்று பாடப்படும் அரசனோ களத்துக்கே போகவில்லை. அவன் கையில் ஒரு துளி இரத்தம் கிடையாது. களத்தில் இரத்தம் படிந்த வாய்கள் எல்லாம் பேய்களின் வாய்கள்.

இதை ஒரு புலவரின் தந்திரம் என்று முடித்துக்கொள்ள முடியவில்லை. கற்பனை நாயகர்கள் உலகமெங்கும் இதே வேலையைச் செய்கிறார்கள். ஹோவர்டின் ஒரு கதையில் போர் முடிந்த பனிவெளியில் கோனன் ஒரு பெண்ணைத் துரத்துகிறான், அவள் அலறி ஓடுகிறாள். கதை முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடுகிறது: அவள் அடிபட்ட வீரர்களை மயக்கித் தன் அரக்க அண்ணன்மாரிடம் இட்டுச்செல்பவள். ஆகவே துரத்தியவன்மீது குற்றமில்லை. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய 'பொன்னியின் செல்வ'னைப் பாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையில் தண்டிக்கப்பட்டவர்கள் யாரென்று காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற உடன்பிறந்த ஆண்கள், அதிகாரப் பதவியில் இருந்த பிராமணர்கள். நாவலில் இரவிதாசன் இருக்கிறான், ஆனால் வாசகர் மனத்தில் அந்தக் கொலையைச் சுற்றி நிற்கும் முகம் நந்தினி. அவள் கல்வெட்டில் இல்லாதவள், கல்கி படைத்தவள். வந்தியத்தேவன் என்ற ஒற்றைப் பெயரிலிருந்து குறும்பும் வீரமும் நிறைந்த நாயகனைப் படைத்த அதே கற்பனை, சதிக்கு ஓர் அழகிய பெண் முகத்தையும் படைத்தது.

"கற்பனைதானே, யாருக்கு என்ன நஷ்டம்" என்ற கேள்விக்கு இங்கே பாதிப் பதில் கிடைக்கிறது. கற்பனையில் யாரும் சாவதில்லை. ஆனால் பழி எப்படிக் கைமாறும் என்ற வழக்கம் அங்கே பயிலப்படுகிறது. நாயகன் செய்வதெல்லாம் விதி. அதற்குக் காரணம் எப்போதும் ஒரு பெண்ணின் பசி, அழகு, வஞ்சம். இந்த வழக்கத்தைப் பழகிய காது நீதிமன்றத்திலும் பஞ்சாயத்திலும் வீட்டுக் கூடத்திலும் அதையேதான் கேட்கும்: அவள் ஏன் அங்கே போனாள்?

*

கற்பனையை விடுங்கள், வரலாற்று நாயகன் இதைவிட நேர்மையானவனா? அவனைப் புகழ எழுந்த வாசகத்துக்கு 'மெய்க்கீர்த்தி' என்று பெயர். மெய்யான புகழ். முதலாம் இராசேந்திரனின் மகன் இராசாதிராசனின் மெய்க்கீர்த்தி இலங்கைப் போரைச் சொல்லும்போது, எதிரி மன்னன் வீரசலாமேகனின் தாயை மூக்கரிந்ததைச் சாதனையாக அடுக்குகிறது. எதிரி எழுதிய அவதூறு அல்ல இது, அரசனே தன் பெருமை என்று கல்லில் வெட்டவைத்தது. கொப்பத்துப் போரில் (1054) பிடித்த யானை, குதிரைகளோடு சாளுக்கிய அரசியர் சத்தியவ்வையும் சாங்கப்பையும் சோழ மெய்க்கீர்த்தியில் பெயர் பெறுகிறார்கள். கொள்ளைப் பட்டியலில் வரும் பெயர்கள்.

எதிரித் தரப்பு என்ன எழுதியது? இராசேந்திரன் இளவரசனாகப் படை நடத்திய காலத்தில், 1007-ஐ ஒட்டி வெட்டப்பட்ட ஹோட்டூர்ச் சாளுக்கியக் கல்வெட்டு, சோழர் படை பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது, பெண்களைக் கைப்பற்றிச் சாதியைக் கெடுத்தது என்கிறது. எதிரியின் எழுத்து என்பதால் மிகை இருக்கலாம். நான் கவனிப்பது அதன் இலக்கணத்தை. வென்றவனுக்கு அந்தப் பெண் கொள்ளைப் பொருள், தோற்றவனுக்கு அவள் சாதி வேலி. இரு கல்வெட்டிலும் வலி அவளுடையதாக இல்லை.

கலிங்கத்துக்குத் திரும்பினால் இன்னொரு செய்தி இருக்கிறது. குலோத்துங்கனின் தாய் அம்மங்கை, இராசேந்திரனின் மகள், வேங்கிக்கு மணம் முடித்துக் கொடுக்கப்பட்டவள். கலிங்கத்தை ஆண்ட அனந்தவர்மன் சோடகங்கனின் தாய் இராசசுந்தரியும் சோழ குலத்துப் பெண்தான். 'சோட' என்று அவன் பெயரிலேயே தாய்வீடு இருக்கிறது. இரண்டு அரசர்களும் சோழ வீட்டிலிருந்து சமாதானத்துக்காக அனுப்பப்பட்ட பெண்களின் பிள்ளைகள். பெண்களைக் கொடுத்து வாங்கிய சமாதானம் ஒரு திறைப் பாக்கிக்குத் தாங்கவில்லை. பரணியில் அம்மங்கை மகனைப் பெற்றவளாக வருகிறாள். எதிர்ப்பக்கத்துத் தாயைப் பற்றி நினைக்க நூலுக்கு நேரமில்லை.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகில் செங்கமேடு என்ற ஊரில் செந்நிறக் கல்லாலான காளி சிலை இருக்கிறது. கல்லும் வேலைப்பாடும் இந்த ஊருடையவை அல்ல, கலிங்கத்தவை. இராசேந்திரனின் வடதிசைப் படையெடுப்பில் வெற்றிச் சின்னமாகக் கொண்டுவரப்பட்டவை என்று ஆய்வாளர்கள் கருதும் சிலைகளுள் ஒன்று. கலிங்கத்துக் காளி சோழநாட்டுக்குச் சிறைவந்தாள். சுமார் 90 ஆண்டுகள் கழித்து, அவள் பிறந்த மண்ணின் அழிவைக் கண்டு களிக்கும் தெய்வமாகப் பரணியில் ஒரு காளி வீற்றிருக்கிறாள். புலவர் இந்தச் சிலையை நினைத்துப் பாடினார் என்று சொல்ல வரவில்லை. பிடித்துவரப்பட்டவளின் வாயிலேயே பிடித்தவனின் வெற்றியை வைப்பது இந்த நாயகக் கலையின் வழக்கம் என்பதைச் செங்கமேட்டில் நின்றால் எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

*

எதிர்வாதங்களில் வலுவானது இன்பத்தைப் பற்றியது. பரணியின் சந்தம் நம்மையும் இழுக்கிறது. ஸ்லட்ஜின் அதிர்வு பெண்ணுடலிலும் இறங்குகிறது. அந்த இன்பம் பொய்யா? இல்லை. 'மெல்ல நட, மெல்லப் பேசு' என்று வளர்க்கப்பட்ட உடம்புக்குக் கனமாக இருப்பதே ஒரு விடுதலை. அமெரிக்காவின் சவான்னாவில் 'கைலேசா' என்ற ஸ்லட்ஜ் குழுவில் லாரா பிளசன்ட்ஸ் கிட்டாரும் குரலுமாக நின்றார். இந்தோனேசியாவின் காருட் ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த மூன்று பெண்கள் முக்காட்டோடு 'வாய்ஸ் ஆஃப் பசெப்ராட்' என்ற மெட்டல் குழுவை நடத்துகிறார்கள். தங்கள் உடல் தங்களுடையது என்று பாடுவதற்கு அவர்களுக்கு அதே கனம் பயன்படுகிறது, கோடரி வீரன் தேவைப்படவில்லை.

ஆக, கனம் வேறு, நாயகன் வேறு. இரண்டும் ஒட்டிப்பிறந்தவை என்று நம்பவைத்ததுதான் நாயகக் கலையின் பெரிய வெற்றி. பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய், பாரிஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்த 1940-இல் 'இலியட்' காவியத்தைப் பற்றி எழுதியபோது, அதன் உண்மையான நாயகன் அக்கிலீசும் இல்லை ஹெக்டரும் இல்லை, வன்விசையே என்றார். மனிதரைப் பொருளாக்கும் விசை. பிடித்திருப்பவன் அதைத் தனதென்று நினைக்கிறான், அது அவனையும் பொருளாக்கிவிடுகிறது. வெய் அந்தக் காவியத்தை ஒதுக்கவில்லை. தோற்றவரின் துயரத்தை வென்றவரின் துயரத்துக்குச் சமமாக அது வைத்திருக்கிறது என்பதற்காகவே போற்றினார். அந்த அளவுகோல் நமக்கு உதவும். ஒரு படைப்பில் நாயகன் இருக்கிறானா இல்லையா என்பதைவிட, அவன் கடந்துபோன பின் எஞ்சியவர்களுக்கு அது எவ்வளவு நேரம் கொடுக்கிறது என்று கேட்கலாம்.

பரணியிலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. களத்தில் ஒரு பெண் வருகிறாள், கணவனின் உடலைத் தேடி. அங்கே கேட்பதற்கு மனிதர் யாரும் இல்லை. பிணம் தின்னும் இடாகினியிடம் போய், என் கணவன் கிடக்கும் இடம் எது என்று கேட்கிறாள். ஒரே தாழிசை. அதையும் 'பாருங்கள்' என்று காட்சிப்பொருளாகச் சுட்டிவிட்டு நூல் அடுத்த பிணத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இடாகினி என்ன சொன்னாள் என்பது நூலில் இல்லை. ஒரு தாழிசை நேரம்தான். ஆனாலும் செயங்கொண்டார் அவளைப் பார்த்திருக்கிறார், அதை மறுக்க முடியாது.

அந்தப் பெண் பேயிடம் ஏன் கேட்கிறாள் என்று யோசிக்க வேண்டும். அந்தக் களத்தில் ஒவ்வொரு உடலையும் அருகில் போய்ப் பார்த்திருப்பவை பேய்கள் மட்டுமே. படைத்தலைவனுக்கு அவை எண்ணிக்கை, அரசனுக்குப் புகழ், புலவருக்குச் சந்தம். குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூடக் கூழ் ஊற்றும் அந்தச் சமையலில், விநோதமாக, ஒரு பந்தி நியாயம் இருக்கிறது. பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் பாத்திரங்கள் பரணியில் அவை மட்டுமே. பழியைச் சுமக்கப் படைக்கப்பட்டவை களத்தின் சாட்சிகளாகவும் ஆகிவிட்டன.

நாயகர்கள் இன்றும் வேலையில்தான் இருக்கிறார்கள். இராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை அரசு விழாவாகிவிட்டது. கடல் கடந்த படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு நினைவாக 2025 சூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நடந்த விழாவில் பிரதமர் நாணயம் வெளியிட்டார், இளையராஜா இசை நிகழ்த்தினார். அந்தக் கோயிலின் அழகை வியக்கவும் அந்த ஏரியின் பொறியியலைப் பாராட்டவும் நமக்கும் உரிமை உண்டு. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழகங்கம் ஏரியை நீராலான வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. ஏரி வெட்டிய கைகளும் மண் சுமந்த தலைகளும் அந்த வருணனையில் இல்லை. அது ஏரியின் குற்றமில்லை. தண்ணீர் வயலுக்குத்தான் போனது.

வகுப்பில் கலிங்கத்துப்பரணி நடத்தும் ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள். போர் பாடியதைச் சந்தத்தோடு படித்துக்காட்டுங்கள், பிள்ளைகள் மேசையில் தாளம் போடட்டும். அந்த இன்பத்தைக் குறைக்க வேண்டாம். பிறகு களம் பாடியதில் அந்த ஒரு தாழிசைக்கு வரும்போது வேகத்தைக் குறையுங்கள். ஸ்லட்ஜ் இசைக்காரர்கள் குறைப்பதைப்போல, ஒப்பாரியில் நம் பாட்டிமார் ஒரு சொல்லைப் பிடித்து இழுப்பதைப்போல. அவள் கேட்ட கேள்விக்கு இடாகினி என்ன சொல்லியிருப்பாள் என்று மாணவிகளை எழுதச் சொல்லுங்கள்.